வெள்ளை நிறத்துக் காடு

ஓரியன்டேரிங் வரைபடத்தில் காடு வெள்ளையாக இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் என் மகள். வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. பச்சை கூடக் கூடப் பற்றை அடர்த்தி. வெட்டவெளிதான் மஞ்சள். மண்ணிறக் கோடுகள் 5 மீற்றர் உயரத்துக்கு ஒன்று. குசினி மேசையில் தாளை விரித்து அவள் இதை விளக்கியபோது அவளுக்கு 9 வயது, எனக்கு 43.

காடு எனக்குப் புதிதில்லை. வன்னியில் வளர்ந்தவள் நான். சிறுவயதில் காடு என்றால் பாலைப்பழம். உதடெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுக்க வீடு வருவோம். பிறகு சண்டை வந்தது. கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வந்தன. பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பது காலிலேயே ஊறிவிட்டது. ஒஸ்லோவுக்கு வந்து 18 வருடமாகியும் அது போகவில்லை.

இங்கே ஓரியன்டேரிங் என்பது பிள்ளைகளுக்குச் சாதாரண விளையாட்டு. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, காட்டுக்குள் தொங்கும் செம்மஞ்சள் வெள்ளைத் துணிக்குறிகளை வரிசைப்படி தேடிப்பிடிக்க வேண்டும். எந்த வழியால் போவது என்பது அவரவர் முடிவு. 1897இல் இந்த நகரத்தின் வடக்குக் காட்டில் எட்டுப் பேர் மூன்று குறிகளைத் தேடி ஓடியதைத்தான் முதல் பொதுப் போட்டி என்கிறார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கென்று மரத்துக்கு மரம் நாடா கட்டிய பாதை உண்டு. அந்த நாடா இருந்தவரை நானும் அவள் பின்னால் போனேன்.

அடுத்த வருடம் நாடா இல்லை. அவள் தனியே மரங்களுக்குள் மறைந்தாள். பெற்றோர் முறைவைத்துச் செய்யும் வேலையை இங்கே டுக்னாட் என்பார்கள், எங்களுடைய சிரமதானம் போல. என் பங்கு வாஃபிள் சுடுவது. மாவை ஊற்றுவதும் காட்டோரத்தைப் பார்ப்பதுமாக நின்றேன். அவள் வேறொரு பக்கத்தால் வெளிவந்தாள், முழங்கால்வரை சேறு. தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்த ஒரு நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. என் முகத்தில் அப்படி ஒன்றை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. அடுத்த வாரமே பெரியவர்களின் பிரிவில் பெயர் கொடுத்தேன்.

முதல் ஓட்டத்தில், மூன்றாவது குறிக்குப் பாதையால் சுற்றிப் போகையில் வழி மாறிவிட்டேன். நின்ற இடம் ஒரு சதுப்பின் கரை. தாளில் சதுப்புக்குப் பக்கத்தில் பாறை இருந்தது, என் முன்னால் இல்லை. "கொஞ்சம் தள்ளி இருக்கும்" என்று மனம் சமாதானம் சொன்னது. ஒரு பெண் என்னைக் கடந்து ஓடினாள். அவள் பின்னால் போக என் கால் தானாகவே எழுந்தது.

வழி கேட்டும், முன்னால் போனவரைத் தொடர்ந்தும் வளர்ந்தவர்கள் நாங்கள். சங்கக் கடையடியில் கேட்டால் சொல்லுவினம் என்பதுதான் எங்கள் ஊர் வரைபடம். நாடு விட்டு வந்ததும், படித்ததும், வீடு வாங்கியதும் அப்படித்தான். யாரோ ஒருவர் முன்னால் போயிருந்தார். அதில் எனக்கு மனக்குறை இல்லை, அது எங்களைக் காப்பாற்றியது. ஆனால் இங்கே முன்னால் ஓடுகிறவளின் தாளில் வேறு பாதை. தொடர்ந்தால் அவளுடைய குறிக்குத்தான் போய்ச் சேருவேன்.

முதல்நாள் இரவு மகள் சொன்னது நினைவு வந்தது. "அம்மா, வழி மாறினா ஓடாதேங்கோ. நில்லுங்கோ. கடைசியா வடிவாத் தெரிஞ்ச இடம் எதெண்டு யோசிச்சு, அங்கை திரும்பிப் போங்கோ."

எனக்கு வடிவாகத் தெரிந்த இடம் இரண்டாவது குறி, ஓடைக்கரை. திரும்பி நடந்தேன். காந்த முள்ளுக்கு நேராகத் தாளைத் திருப்பினேன். மூன்றாவது குறி தாளில் 2 சென்ரிமீற்றர், நிலத்தில் 200 மீற்றர். இடையில் முழுக்க வெள்ளை. பாதையை விட்டு இறங்கினேன். பாசி மெத்தையாக அமிழ்ந்து, அடுத்த அடிக்கு மெல்ல நிமிர்ந்தது. நெஞ்சு அடிக்க, அடியை எண்ணிக்கொண்டே போனேன். பாறை இருந்தது. அதன் பின்னால் துணி தொங்கியது.

எங்கள் பிரிவில் கடைசியாக வந்தவள் நான். மகள் முடிவிடத்திலேயே காத்து நின்று, நான் முதலில் போன வழியைக் கேட்டு, தாளை வாங்கி விரலை வைத்தாள்.

"இரண்டிலையிருந்து மூண்டுக்கு ஏன் பாதையாலை சுத்திப் போனனீங்கள்? இது வெள்ளைதானே, அம்மா?"

சிவப்புப் பலகைகளைப் பற்றி அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன்.