காலம் தந்த இடமும் கைத்திறனும்

ஒருவன் எய்திய புகழில் முயற்சியின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்பது பழைய வினா. ஊழுக்கும் ஆள்வினைக்கும் ஒரே நூலில் இடமளித்தார் வள்ளுவர். விளையாட்டு வீரர் சிலரின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது.

நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியில் இரண்டாந்தளம் காத்தவர் ஜோர்ஜ் ஸ்டர்ன்வைஸ். வயிற்றுப்புண் காரணமாகப் படைச்சேவையினின்றும் விலக்கப்பட்டவர். முன்னணி வீரர் பலர் போர்முனையிலிருந்த 1945இல், .309 என்னும் சராசரியுடன் அமெரிக்கன் லீக்கின் துடுப்பாட்டப் பட்டத்தை வென்றார். அவர்கள் மீண்ட 1946இல் அவர் சராசரி வீழ்ந்தது. ‘போர்க்கால வீரர்’ என்ற அடைமொழி அவரை விடவில்லை. ஆயின், எதிரே எவர் நிற்பர், எவர் நில்லார் என்பதை அவரா தீர்மானித்தார்? எறியப்பட்ட பந்தை அடித்தார். அதற்கு மேல் ஒருவனிடம் கேட்பதற்கு யாது உளது?

எதிரணி மெலிந்திருந்தது என்று கழிப்பது நீதியாயின், வாய்ப்பு மறுக்கப்பட்டவர்க்குக் கூட்டுவதும் நீதியே. கழிக்க அறிந்த உலகம் கூட்ட அறியாது. 1915இல் பிறந்த மகாதேவன் சதாசிவத்தின் இளமைப் பருவத்தின் பெரும்பகுதியைப் போர் விழுங்கிற்று. 1947இல் சேப்பாக்கத்தில் அவர் குவித்த 215 ஓட்டங்களை இன்றும் நினைவுகூர்வர். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராகக் கொழும்பில் இலங்கைக்குத் தலைமை தாங்கினார். எனினும் டெஸ்ட் ஆட்டம் ஒன்றேனும் அவருக்கு வாய்க்கவில்லை. இலங்கை தன் முதலாவது டெஸ்டை 1982இல் ஆடியது. ஆடிய களமோ, அவர் சார்ந்திருந்த தமிழ் யூனியன் கழகத்தின் சரவணமுத்து மைதானம். அவர் 1977இலேயே மறைந்துவிட்டார்.

நிகழாத ஓட்டங்களை எண்ண இயலாது என்பர். மெய்தான். ஆனால் எண்ண இயலாமை வேறு, இல்லாமை வேறு.

சதாசிவத்துக்கு 215 என்ற ஓர் எண்ணாவது எஞ்சியது. கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே அமைந்த கட்டைபறிச்சானை நோக்குக. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், குடாவின் மறுபுறத்துத் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அது அயலார் போர். 2006இல் மூண்டதோ வீட்டு வாசலுக்கே வந்த போர். சம்பூரினின்று பெயர்ந்த மக்கள் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அங்கே இருபது வயதைக் கடந்த இளைஞனுக்கு எந்த ஏட்டிலும் சராசரி இல்லை. அவன் திறனற்றவன் என்பதற்கும் சான்றில்லை. ஸ்டர்ன்வைசின் .309இலிருந்து ஒரு பகுதியைக் கழிக்க முனைவோர், கழித்ததை இவ்விளைஞனின் பெயரில் எங்கே வரவு வைப்பர் என்பதை முதலில் கூறல் வேண்டும்.