யாரும் பார்க்காத வேளை

சென்ற டிசம்பரில் என் அக்காள் மகள் ஊருக்கு வந்திருந்தாள். அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பெண். வயது இருபத்தொன்று. கல்லூரியில் படித்துக்கொண்டே மாலை நேரங்களில் ஒரு வேலையும் பார்க்கிறாள். ஒரு நாள் இரவு, சாப்பாடான பிறகு, மற்றவர்கள் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட சமயத்தில், மொட்டை மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, யாருக்குமே தெரியாத ஒரு தப்பை நாமே போய்ச் சொல்லிக்கிறது நியாயமா, அசட்டுத்தனமா?" என்று கேட்டாள்.

கதை எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்டால் அவன் முதலில் நியாயத்தைப் பற்றி நினைப்பதில்லை, கதையைத்தான் நினைக்கிறான். "என்ன தப்பு?" என்றேன்.

அவள் பார்க்கும் வேலையை முதலில் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சையும் பழக்கவழக்கங்களையும் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் நடத்தைச் சிகிச்சை என்று ஒரு முறை உண்டு. அதற்குத் திட்டம் வகுப்பவர் முதுகலைப் படிப்பு முடித்த நிபுணர். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, அந்தத் திட்டத்தை மணிக்கணக்காக நடத்துகிறவர் கடைநிலை உதவியாளர். இந்த உதவியாளர்களுக்கென்று 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சான்றிதழ் ஏற்பட்டது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். 40 மணி நேரப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை, செய்முறை மதிப்பீடு, ஒரு பரீட்சை. இவ்வளவுதான். பிறகு ஒரு குழந்தையை நம்பி ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இவளிடம் ஒப்படைக்கப்பட்டவன் நான்கு வயதுப் பையன். பேச்சு வராதவன். "பேரு சொல்லக் கூடாது மாமா, விதி" என்றாள். கடல் கடந்து வந்து, மொட்டை மாடி இருட்டில், சொந்த மாமனிடம்கூட அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பாடம் எளியது. மூன்று படங்களைப் பரப்பி வைத்து, "பந்து எங்கே?" என்று கேட்க வேண்டும். பையன் தொட்டுக் காட்ட வேண்டும். பத்து முறை. சரியா, தவறா என்று ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் சிறு கணினியில் பதிய வேண்டும். பத்துக்கு எட்டு என்று தொடர்ந்து சில நாள் வந்தால், கற்றுக்கொண்டான் என்று பொருள்; அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

ஒரு நாள் அவளுக்கு மறுநாள் பரீட்சை. உடம்பும் சரியில்லை. பையன் மூன்று முறை சரியாகத் தொட்டான். பிறகு அழ ஆரம்பித்தான். அவள் படங்களை எடுத்து வைத்துவிட்டு, எட்டு என்று பதிந்தாள். மறுநாளும் எட்டு. மூன்றாம் நாளும் எட்டு. தூரத்திலிருந்து வரைபடத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் மகிழ்ந்து, படங்களை மூன்றிலிருந்து ஆறாக உயர்த்தினார். பையன் திணறினான். படங்களைத் தள்ளினான், தன் கையையே கடித்துக்கொண்டான். பதிவேட்டில், "ஒத்துழைக்க மறுக்கிறான்" என்று ஒரு குறிப்பு ஏறியது.

"அதையும் நான்தான் எழுதினேன் மாமா" என்றாள்.

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு சம்சாரியின் வார்த்தை: "விடும்மா. இனிமே ஒழுங்கா எழுது. வேலை போயிடப் போகுது." அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. உதவியாளர் ஒரு மாதத்தில் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை இருக்க வேண்டும். மாதத்தில் இரண்டு முறையாவது நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். அதில் ஒரு முறையாவது குழந்தையோடு அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். நூறு மணி நேரம் வேலை என்றால் ஐந்து மணி நேரம் மேற்பார்வை. மீதித் தொண்ணூற்றைந்து மணி நேரம்? அறையில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இருபத்தொரு வயதுக்காரி, இன்னொருவன் பேசத் தெரியாதவன்.

நெறிமுறைப் புத்தகமும் உண்டு. 10 டாலருக்கு மேல் மதிப்புள்ள பரிசு வாங்கக் கூடாது. தீபாவளிக்கு ஒரு தாய் ஆசையோடு பட்டுப்புடவை கொடுத்தாலும் கை நீட்டக் கூடாது. குழந்தையின் குடும்பத்தோடு வேறு கொடுக்கல் வாங்கல் கூடாது. பதிவை உண்மையாக எழுத வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் புடவையைப் பிறர் பார்த்துவிடலாம். எட்டு என்று அழுத்திய விரலை யார் பார்ப்பது?

இந்த விதிகள் சும்மா பிறந்துவிடவில்லை. ஃப்ளோரிடா மாநிலத்தில் மயாமி நகரத்தில் சன்லாண்ட் பயிற்சி நிலையம் என்று ஓர் அரசாங்க விடுதி இருந்தது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். நடத்தையைத் திருத்துகிறோம் என்ற பெயரில் அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகள் 1972இல் அம்பலமாயின. வாயைச் சோப்பால் கழுவுவது, அவமானச் சொல் எழுதிய அட்டையை மாட்டிவிடுவது, சிறுநீரில் நனைந்த விரிப்பிலேயே கிடக்கவிடுவது, நெடுநேரம் தனியே அடைத்து வைப்பது. எல்லாவற்றுக்கும் சிகிச்சை என்றுதான் பெயர். விசாரித்தபோது தெரிய வந்தது என்ன? போதிய பயிற்சியில்லாத சாதாரண ஊழியர்களிடம் தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை இருந்தது. அவர்களைச் சரியாகக் கண்காணிக்க மேலே ஆள் இல்லை. அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் நெறிமுறைகள் வந்தன. சான்றிதழ் முறை வந்தது. அந்த வழியில் வளர்ந்ததே 1998இல் ஏற்பட்ட தேசியச் சான்றிதழ் வாரியம்.

மூன்றை எட்டாக எழுதிய ஒரு பெண்ணையும் அந்த விடுதியையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். வைக்கக் கூடாதுதான். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரே இருப்பவனால் புகார் சொல்ல முடியாது என்ற நிலைமைதான் அந்த வேர். அவன் வாய் திறந்து, "நான் மூன்றுதான் தொட்டேன்" என்று சொல்லியிருந்தால் பொய் அன்றைக்கே செத்திருக்கும். அவனால் சொல்ல முடியாது. அவன் சார்பில் பேசுவதற்கு உலகத்தில் இருந்தது அந்தப் பதிவேடு ஒன்றுதான். அதுவும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. நிபுணர் திட்டம் போட்டதில் பிழையில்லை, உதவியாளர் சொல்லிக்கொடுத்ததில் பிழையில்லை, பையன்தான் முரடன் என்று ஆகிவிட்டது. யாருக்கும் தெரியாத தப்பு என்று அவள் சொன்னாளே, அது சரியில்லை. ஒருவனுக்குத் தெரியும். அவன் தன் கையைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

இவ்வளவையும் அவளிடம் உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

இருபத்திரண்டு வயதில், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். ஓர் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றவர்களின் பதிவு எண்கள் அச்சுக்கு வந்தன. பெயர் கிடையாது; வெறும் எண்கள். கடைசிப் பக்கத்தை மூலப் பிரதியோடு ஒப்பிடாமலே, "பார்த்தாயிற்று" என்று கையெழுத்துப் போட்டேன். அச்சாகி வெளியே போன பிறகு, தற்செயலாக மூலப் பிரதி கண்ணில் பட்டது. ஓர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

நான் சொல்லவில்லை. எங்கள் போர்மன் பிழைக்குப் பிழை சம்பளத்தில் பிடிப்பவர்; பத்துப் பேர் நடுவில் நிறுத்தி வைத்து ஏசுவார். அவருக்குப் பயந்து நாங்கள் பிழை செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பிழையை மறைக்கக் கற்றுக்கொண்டோம். அந்த எண்ணுக்குரிய பிள்ளை யார், விசாரித்து அறிந்துகொண்டதா, பேசாமல் திரும்பிப் போய்விட்டதா? எனக்குத் தெரியாது. அந்த எண் மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

போர்மனைக் காரணம் காட்டி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கையெழுத்து என்னுடையது. ஆனாலும் மேலே இருப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நூற்றில் ஐந்து மணி நேரம் பார்ப்பவரால் மீதி நேரத்தை எப்படிக் காக்க முடியும்? இன்னும் இரண்டு கண் வைத்தா? அதற்கு முடிவே இல்லை. பார்க்கும் அந்த ஐந்து மணி நேரத்தில், பார்க்காத நேரத்தின் தப்பை வந்து சொல்லலாம் என்ற தைரியத்தைக் கீழே இருப்பவருக்குக் கொடுக்க முடியும். மூன்று என்று எழுதினால் முகம் சுளிக்கிற இடத்தில் எல்லா மூன்றும் எட்டாகத்தான் மாறும். கீழே இருப்பவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். மேலே இருப்பவர் உண்மையைச் சொல்லத்தக்க மனிதராக இருக்கக் கடமைப்பட்டவர். முதல் கடமையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது வீரச் செயலாகிவிடுகிறது. இருபத்தொரு வயதுப் பெண்ணிடம், மணிக்கணக்குச் சம்பளத்துக்கு, தினந்தோறும் வீரச் செயலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்றாலும், மேலதிகாரி திருந்தட்டும், பிறகு நான் சொல்கிறேன் என்று அவள் காத்திருக்கவும் முடியாது. பையனுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில், காப்பி குடிக்கும்போது, என் அச்சகக் கதையை மட்டும் அவளிடம் சொன்னேன். இப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த நம்பர் என்ன மாமா?" என்றாள். சொன்னேன். அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் தொலைபேசியில் கூப்பிட்டாள். போய்ச் சொல்லிவிட்டாளாம். மேற்பார்வையாளர் அம்மாள் வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிவேட்டைத் திறந்து தேதிவாரியாகத் திருத்தினாராம். இவளுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. ஒரு மாதம் கூடுதல் மேற்பார்வை. "பக்கத்துலயே உக்காந்து பாக்கறாங்க மாமா. அவமானமாத்தான் இருக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "கோட்டை மட்டும் பாத்துட்டு இருந்துட்டேன், நானும் வந்து உக்காந்திருக்கணும்னு அவங்களும் சொன்னாங்க" என்றாள்.

"பையன் எப்படி இருக்கான்?"

"திரும்பவும் மூணு படத்துக்கே வந்துட்டோம். நேத்து பத்துக்கு நாலு."

"நாலுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலுதான் மாமா. ஆனா அது அவனோட நாலு."