பிறர் நாட்டின் வழக்கு

மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாடு என்பது, மாணவர்கள் பெரும்பாலும் தம் நாடல்லாத, தமக்கு ஒதுக்கப்பட்ட வேறொரு நாட்டின் பிரதிநிதிகளாக அமர்ந்து, அதன் நிலைப்பாட்டை எழுதி, உரையாற்றி, தீர்மான வரைவுக்கு ஆதரவு திரட்டும் கல்விப் பயிற்சியாகும். வெளிநாட்டில் கூடும் அத்தகைய அவையில் இலங்கையின் சாய்ந்தமருதைச் சேர்ந்த மாணவி ஒருவருக்கு, கொல்கத்தாத் துறைமுகத்தை நம்பியிருக்கும் நேபாளம் ஒதுக்கப்படுமாயின், கரைவலை இழுக்கும் ஊரில் வளர்ந்த அவர், கடலை அடைவதற்கே அயலார் நிலத்தைக் கடக்க வேண்டியவர்களின் நியாயத்தை, 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 125ஆம் உறுப்புரையைச் சான்றுகாட்டி வாதிட நேரும். சொந்தக் கரைக்காகப் பேசுவதைவிட இது கடினம், பயனும் மிகுதி.

அச்சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மறையும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷெர்லி அமரசிங்க என்பது இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி. கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 370 கிலோமீற்றர் வரையுள்ள மீன்வளத்தின்மீது கரையோர நாட்டுக்கு உரிமை தரும் தனிப் பொருளாதார வலயம் அந்த நெடிய பேச்சுவார்த்தையில் இணங்கப்பட்டதே. வாக்கெடுப்புக்கு விரையாமல் இயன்றவரை கருத்தொருமிப்பைத் தேடுவது அம்மாநாட்டின் நெறியாக இருந்தது. மாதிரி அவைகளிலோ சிறந்த பிரதிநிதி விருதின்மீதுதான் பலருக்குக் கண். ஆயினும், முறைசாராக் கலந்துரையாடல் எனப்படும் இடைவேளையில், ஒரே மடிக்கணினியைச் சூழ்ந்து நின்று, எதிரணியின் ஒப்புதலுக்காக ‘வலியுறுத்துகிறது’ என்பதைக் ‘கேட்டுக்கொள்கிறது’ என்று மாற்றும் மாணவர்களே இராஜதந்திரத்தின் உண்மையான வேலையைச் செய்கிறார்கள்.