தேய்மானமும் அமானிதமும்

கினிகத்தேனைக்கும் கடலுக்கும் வெகுதூரம். அட்டன் வீதியில் ஏறிவருகிறவர்கள் இங்கே மழையையும் தேயிலையையும் தவிர வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் சில மாதங்களுக்கு முன், எங்கள் ஊர் நானா ஒருவரின் வீட்டு விறாந்தையில் ஒரு ஜெட் படகின் உந்துபகுதி கழற்றிப் பரப்பப்பட்டிருந்தது. இளவயதில் தெற்குக் கரையில் படகு திருத்தும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். கைப்பழக்கம் தெரிந்தவர்கள் இன்றும் சாமான்களை லொறியில் ஏற்றி அவருக்கு அனுப்புகிறார்கள். அன்று அந்த விறாந்தையில் எழுந்த ஒரு கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிப்பகுதியால் நீரை உறிஞ்சி, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லரால் வேகமூட்டி, பின்புறமாகப் பீய்ச்சி அது முன்னே செல்கிறது. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக 1954இல் இதனை உருவாக்கிய பில் ஹாமில்டன் ஒரு செம்மறிப் பண்ணைக்காரர். தமது பண்ணைப் பட்டறையிலேயே அவர் வேலை செய்தார். ஆகவே வீட்டில் செய்யும் திருத்தவேலை என்று எவரும் இளக்காரமாகப் பேசவேண்டியதில்லை. இந்தப் படகே வீட்டுப் பட்டறையில் பிறந்த பிள்ளைதான்.

இம்பெல்லரின் ஓரத்துக்கும் அதைச் சுற்றி நிற்கும் வளையத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கவேண்டும். மணலும் சிறுகல்லும் நீரோடு புகுந்து அந்த இடைவெளியை அரித்துப் பெருக்குகின்றன. ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தாலே போதும், தள்ளப்பட்ட நீர் விளிம்பால் பின்வாங்கிவிடும். அப்போது இயந்திரம் முன்னிலும் பலமாக அலறும், படகோ முன்னிலும் மெதுவாகப் போகும். சத்தம் கூடிப் பயணம் குறைவதே இந்தத் தேய்மானத்தின் அடையாளம். நம் கூட்டங்களும் மேடைகளும் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன.

வளையத்தைப் பார்த்தவுடன் நானா அதன் தேய்மானத்தைக் கண்டுகொண்டார். பெரிய பழுது வேறிடத்தில் இருந்தது. பெயாரிங் கூட்டிலிருந்து வடிந்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. சீல் வழியாக நீர் உள்ளே போயிருக்கிறது. பெயாரிங்கைக் கழுவி விரலால் சுழற்றியபோது அது கரகரத்தது.

தொலைபேசியில் உரிமையாளர் சொன்னது சுருக்கமானது. வளையத்தை மாற்றுங்கள், பெயாரிங்கை அப்படியே பூட்டுங்கள், சீசன் முடியட்டும் பார்ப்போம்.

நானா என்னைப் பார்த்தார். "மாஸ்டர், பூட்டினா ஓடும். ஒரு மாசமும் ஓடும், ஒரு நாளும் ஓடும். இறுகிப்போனா தள்ளுற தண்ணி நிண்டுடும். இதுக்குச் சுக்கானும் அந்தத் தண்ணிதான். தண்ணி நிண்டா திருப்பவும் ஏலாது."

ஜெட் படகைத் திருப்புவது பின்னால் பீய்ச்சும் அந்த நீரின் திசைதான். தள்ளும் விசை போனால் திரும்பும் சக்தியும் போய்விடும். எதிரே பாறை இருந்தாலும் போன போக்கிலேயே போகவேண்டியதுதான்.

இப்போது கேள்வி இதுதான். சாமான் உரிமையாளருடையது. பழுது அவருக்குத் தெரியும். கூலி கொடுப்பவரும் அவரே. எதையும் மறைக்காத திருத்துனர்மீது இன்னும் என்ன பொறுப்பு இருக்கிறது? வாடகைக்கு ஏறப்போகும் முகம் தெரியாத மனிதனுக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார்?

தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மறைத்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. அங்கே ஏமாறவிருந்தவர் வாங்குபவர். இங்கே வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் மூன்றாமவருக்குத்தான் ஆபத்து. இதற்கு நெருக்கமானது கப்பல் உவமை. கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீர் எடுக்கத் தங்கள் பங்கில் துளையிட முனைகிறார்கள். மேல்தட்டார் அவர்களின் கையைப் பிடிக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். என் பங்கு, என் சாமான், என் காசு என்ற பேச்சு தண்ணீருக்கு மேல் செல்லாது என்பதே அந்த உவமை தரும் பாடம்.

கையைப் பிடிப்பது என்றால் எப்படி? நானாவின் மகன் ஒரு வழி சொன்னான். ஓடவே முடியாதபடி எதையாவது கெடுத்து அனுப்பிவிடலாம், ஹிள்ர் (அலை) அவர்களும் ஏழைகளின் படகைச் சேதப்படுத்தித்தானே காப்பாற்றினார்கள் என்றான். கேட்கும்போது இனிப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது நமக்குரிய வழியல்ல. கஹ்ப் ஸூராவில் வரும் அந்தச் செயலுக்குப் பின்னால் அல்லாஹ் கொடுத்த விசேட ஞானம் இருந்தது. பின்னால் வரும் மன்னனை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாளை நடப்பதை நாம் அறியோம். நமக்கு விதிக்கப்பட்ட பங்கு மூஸா (அலை) அவர்களுடையது. படகில் இருப்பவர்கள் மூழ்கிப்போவார்களே என்று அவர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். இரகசியமாகச் சேதம் செய்யும் உரிமை நமக்கு இல்லை. உரத்துக் கேட்கும் கடமை உண்டு.

நானா அதைத்தான் செய்தார். பெயாரிங்கைப் பூட்ட மறுத்தார். வளையம் மாற்றப்பட்டது, பெயாரிங் பழுது, ஆட்களை ஏற்றக்கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதினார். சாமானைக் கழற்றியபடியே பெட்டியில் அடுக்கி அனுப்பினார். அந்தப் படகை ஓட்டும் பையனையும் தேடிப் பேசினார். "மேல்தட்டில நிக்கிறவன் அவன்தான்" என்றார். உரிமையாளர் கோபித்துக்கொண்டார். அதன்பின் அங்கிருந்து வேலை வரவில்லை. அந்தப் பெயாரிங்கை வேறொருவர் பூட்டினாரா, புதிது வாங்கினார்களா என்பது எங்களுக்குத் தெரியாது.

அப்படியானால் அவர் செய்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். இந்த மலைகளின் தண்ணீர் 1950இலிருந்து லக்ஷபானவில் சக்கரம் சுழற்றி வருகிறது. அத்தகைய நிலையங்களில் பராமரிப்புக்குக் குறிப்பேடும் மேற்பார்வையும் உண்டு. வீட்டு விறாந்தையில் அவை எதுவும் இல்லை. அங்கே மேற்பார்வையாளன் அல்லாஹ் ஒருவனே. உலகின் எல்லாத் தீமையையும் தடுக்க நம்மால் முடியாமற் போகலாம். ஆனால் அது நம் கையால் நடக்காமல் இருப்பதற்கும் நம் வாய் மௌனமாக இராததற்கும் நாமே பொறுப்பு.

அன்று வீடு திரும்பியபோது நானாவைப் பாராட்டும் மனநிலையில் நான் இருக்கவில்லை. என் மேசையில் தவணை அறிக்கைகள் இருந்தன. ஆறாம் வகுப்பில் ஒரு வசனத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். சென்ற ஆண்டு அவனுக்குத் 'திருப்தி' என்றெழுதி மேலே அனுப்பிய கை என்னுடையது. பெற்றோரும் கேட்கவில்லை, மேலிடமும் கேட்கவில்லை. பூட்டிவிட்டால் ஓடும் என்று நானும் நினைத்திருந்தேன்.

இம்முறை உள்ளதை எழுதினேன். எழுதியதோடு வேலை முடிந்துவிடாது என்பதால் பின்னேரங்களில் அவனை வரச்சொல்லியிருக்கிறேன். மூன்று வாரமாக வருகிறான்.