பச்சைப்பட்டும் சின்ன கேமராவும்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் விடியலில் தொடக்கநிலை டிஜிட்டல் கேமராவின் குட்டு வெளிப்பட்டுவிடும். அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது; ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 1600-ஐத் தொட்டதும் பச்சைப்பட்டில் புள்ளிகள் மொய்க்கும், ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் தங்கக்குதிரை கலங்கும். விலை கூடிய கேமரா படத்தைத் திருத்தும், தரிசனத்தை அல்ல. மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிப்பதுபோல அம்மன் தன் பார்வையாலேயே பக்தரைக் காக்கிறாள் என்பது அதே மதுரையின் மீனாட்சி என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். அதன்படி, தரிசனம் நாம் பார்ப்பதைவிடப் பார்க்கப்படுவது. முகத்துக்கு முன்னால் கருவியைத் தூக்குபவர் அந்தப் பார்வைக்குத் தானே திரை போடுகிறார்.

பூஜை அறையில் இருப்பதும் அச்சடித்த படம்தானே, நடக்கமுடியாத பாட்டிக்கு அது போதாதா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தப் படம் சாமியாவது எடுத்த நொடியில் அல்ல, பாட்டி அதன்முன் விளக்கேற்றும்போது. அவருக்குப் புள்ளி விழுந்த படமே போதும். இரண்டு படம் எடுத்துவிட்டு கேமராவைப் பையில் போட்டுவிடலாம்.