விலகி நிற்கும் உரிமை

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் மிஷன் மலைத்தொடர் இருக்கிறது. அதில் 9,820 அடி உயரத்தில் நிற்கிறது மெக்டொனால்ட் சிகரம். ஆண்டுதோறும் ஜூலை 15 அன்று அந்தச் சிகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 10,000 ஏக்கர் மலையை மனிதர்களுக்கு மூடிவிடுகிறார்கள். அக்டோபர் 1 வரை யாரும் ஏறக்கூடாது. எல்லாம் பூச்சிகளால் வந்தது.

கோடை முற்றியதும் பொறிவண்டுகள் கிளம்பி, மரங்கள் முடிந்துபோன உயரத்தில் பாறை இடுக்குகளில் கொத்துக்கொத்தாக அடைகின்றன. சமவெளி வயல்களில் வெட்டுப்புழுவாக இருந்து பயிரைத் தின்றவையும் அந்துப்பூச்சியாகி மேலே வந்துவிடுகின்றன. இரவெல்லாம் மலைப்பூக்களில் தேன் குடித்துவிட்டுப் பகலில் கற்களுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அவற்றைத் தேடி கிரிஸ்லி கரடி வருகிறது. ஒரு மாட்டையே சாய்க்கக்கூடிய கை ஒரு கல்லைப் புரட்டுகிறது. நாக்கு நக்குகிறது. பிறகு அடுத்த கல். பக்கத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஒரு கரடி ஒரே நாளில் 40,000 அந்துப்பூச்சிகள் வரை தின்னும். கோடையின் கடைசியில் அந்தப் பூச்சியின் உடலில் பாதிக்கு மேல் கொழுப்பு. மாதக்கணக்கில் நீளும் பனிக்கால உறக்கத்துக்குக் கரடி சேர்த்துவைக்கும் கையிருப்பு அது.

அந்த நேரத்தில் ஒரு மலையேறி தலைகாட்டினால் போதும், கரடி தீனியை விட்டுவிட்டு விலகிப் போய்விடும். பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. அந்த மலையில் அந்த மரியாதை சட்டமாக இருக்கிறது.

சட்டத்தைப் போட்டது வாஷிங்டன் அல்ல. மலை ஃபிளாட்ஹெட் ரிசர்வேஷன் என்னும் பழங்குடி நிலத்தில் இருக்கிறது. சேலிஷ், பெண்ட் டோரே, கூட்னை என்னும் மூன்று மக்களின் கூட்டு அரசு 1982இல் அங்கே சுமார் 92,000 ஏக்கரைத் தீண்டாக் காடாக அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு பழங்குடி அரசு தானாக முன்வந்து அப்படி அறிவித்தது அதுவே முதல் முறை. 1970களில் அந்த மலைச்சரிவில் மரம் வெட்டி விற்கத் திட்டம் போட்டபோது எதிர்த்து நின்றவர்களில் மூன்று பாட்டிமாரும் இருந்தார்கள். பாட்டியை சேலிஷ் மொழியில் 'யாயா' என்பார்கள். வெட்டுவதற்கு நாள் குறித்த காடு பிழைத்தது.

இதை மட்டும் பார்த்தால், 'காட்டைக் காக்க மனிதரை வெளியேற்ற வேண்டும் என்று இத்தனை காலமாகச் சொல்கிறார்களே, அது சரிதானே' என்று தோன்றும். அதே பள்ளத்தாக்கில், அந்தச் சிகரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இன்னொரு குன்றின் கதையைக் கேட்டபிறகு அப்படித் தோன்றாது.

1855 ஒப்பந்தத்தில் இந்த மக்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்து, தங்களுக்கென்று வைத்துக்கொண்ட மிச்சம்தான் ஃபிளாட்ஹெட். அது தங்களுக்கே என்றைக்கும் என்று நம்பினார்கள். 1904இல் வந்த ஒரு சட்டம் அந்த மிச்சத்தையும் துண்டு போட்டது. 1910இல் அது வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இடையில், 1908இல், ரிசர்வேஷனின் நடுவில் சுமார் 18,800 ஏக்கரை மத்திய அரசு எடுத்து வேலி போட்டது. பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமையைக் காப்பாற்றுவதற்காம்.

அந்த எருமைகள் எங்கிருந்து வந்தன? கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன்கள் துப்பாக்கிக்கு இரையாகிச் சில நூறாகச் சுருங்கிக்கொண்டிருந்த 1870களில், லடடி என்ற பழங்குடி மனிதர் சில கன்றுகளை மலை தாண்டி ஓட்டிவந்தார் என்கிறது அந்த மக்களின் வாய்மொழி வரலாறு. கன்றுகள் மந்தையாயின. நிலம் துண்டாடப்பட்டு மேய்ச்சல் பறிபோகும் நிலையில், மந்தையை வைத்திருந்த மிஷேல் பாப்லோ தன் எருமைகளைக் கனடாவுக்கு விற்க நேர்ந்தது. முன்பே வேறு கைக்குப் போயிருந்த ஒரு பகுதியின் சந்ததி விலைக்கு வாங்கப்பட்டு, 1909இல் புது வேலிக்குள் விடப்பட்டது. எருமையைக் காப்பாற்றியவர்கள் வேலிக்கு வெளியே. அவர்கள் காப்பாற்றிய எருமை உள்ளே. நிலத்தை எடுத்தது அரசியலமைப்புக்கு முரணான பறிப்பு என்று 1971இல் நீதிமன்றமே சொன்னது. அப்போதும் நிலம் கைக்கு வரவில்லை. 2020 டிசம்பரில்தான் ஒரு சட்டத்தின் மூலம் அது திரும்பியது. 2022இல் நிர்வாகம் முழுதாகப் பழங்குடி அரசின் கைக்கு வந்தது.

ஒரு மலையில் மனிதர்கள் விலகினார்கள். ஒரு குன்றிலிருந்து மனிதர்களை விலக்கினார்கள். எழுத்தில் ஒரு 'க்'தான் வித்தியாசம். மேலிருந்து படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஆள் இல்லாத புல், மேயும் விலங்கு. அந்த ஒற்றெழுத்துக்குள் ஒரு மக்களின் நூறாண்டு அடங்கிக் கிடக்கிறது.

பழங்குடி அரசிடம் வேலை செய்யும் காட்டுயிர் உயிரியலாளரின் நாட்கள் இந்த ஒற்றெழுத்தின் மேல்தான் நகர்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கரடிக்குக் கழுத்துப்பட்டை கட்டுவதும் அன்னத்தை எண்ணுவதுமாகத் தெரியும். அதுவும் உண்டு. ஆனால் கரடி இறங்கிவரும் பள்ளத்தாக்கில் வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு இருக்கிறது. ஒரு முறை கோழி ருசி கண்ட கரடி மறுபடி வரும். திரும்பத் திரும்ப வந்தால் கடைசியில் சாகப்போவது கரடிதான். அதனால் கரடியைப் படித்தவர் கோழிக்கூண்டைச் சுற்றி மின்வேலி கட்ட உதவுகிறார். பட்டப்படிப்பில் இதற்குப் பாடம் கிடையாது.

ரிசர்வேஷனுக்குள் ஓடும் 93ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்த மாநில அரசு கிளம்பியபோது, பழங்குடி அரசு மறுத்து நின்றது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2000இல் ஓர் உடன்பாடு வந்தது. அதன் அடிப்படை இது: சாலை இங்கே விருந்தாளி, வந்த இடத்தின் ஒழுங்குக்கு அது உட்பட வேண்டும். அப்படித்தான் 90 கிலோமீட்டர் நீளத்தில் விலங்குகள் கடக்க ஏறத்தாழ நாற்பது சுரங்கவழிகளும் பாலங்களும் எழுந்தன. எவாரோ ஊருக்குப் பக்கத்தில், மேலே மண் போட்டுச் செடி வளர்த்த ஒரு பாலம் சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. கீழே லாரிகள் போகின்றன. அந்த வழிகளில் 29இல் கேமரா வைத்து எண்ணியபோது ஆண்டுக்கு 22,000 முறைக்கு மேல் விலங்குகள் கடந்திருந்தன. பெரும்பாலும் வெள்ளைவால் மான். கூடவே கரடியும் மலைச்சிங்கமும் நீர்நாயும்.

இன்னொரு வேலை பைன் மரம். மலை உச்சியில் வளரும் வெண்பட்டைப் பைனின் பருப்பு கரடிக்கும் உணவு, அந்த மக்களின் முன்னோருக்கும் உணவு. ஐரோப்பாவிலிருந்து நாற்றுகளோடு வந்து சேர்ந்த துருநோய் அதைக் கொன்று தீர்க்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது. நோயைத் தாங்கி நிற்கும் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மேலே ஏறி, காய்களைப் பறவை கொத்தாமல் கம்பிக்கூடு மாட்டி, விளைந்ததும் பறித்து நாற்று விடுகிறார்கள். நட்ட கன்று தாராளமாகக் காய்க்க அறுபது ஆண்டு ஆகலாம். 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பார்கள் நம் பெரியவர்கள். நடுத்தர வயதில் இந்தப் பைனை வைத்தவர் அதையும் பார்க்கப் போவதில்லை. தெரிந்தே வைக்கிறார்.

கரடிக்காக இடத்தை விடுவதும், பிறக்காத பேரனுக்காகக் காலத்தை விடுவதும் ஒரே செயல்தான். இரண்டும் விலகி நிற்பது. ஆனால் தன்னுடையது என்று ஒன்று கையில் இருப்பவரால்தான் அதிலிருந்து விலகி நிற்க முடியும். துரத்தப்பட்டவருக்கு விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அவருக்கு மிஞ்சுவது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது. நிலத்தை மீட்பது என்றால் புல்லையும் எருமையையும் திரும்பக் கொண்டுவருவது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அந்த மக்களுக்கு முதலில் திரும்ப வேண்டியிருந்தது, 'இந்த இரண்டரை மாதம் நாங்கள் ஏறமாட்டோம்' என்று தாங்களே சொல்லும் அதிகாரம். அது கையிலிருந்த மலையில் கரடி நிம்மதியாகக் கல் புரட்டுகிறது.

விருந்தோம்ப வீட்டுக்காரரால்தான் முடியும். வீட்டைப் பிடுங்கிக்கொண்டு அதே வீட்டில் விருந்து வைக்கிறவர் எத்தனை நல்லவரானாலும், அந்தச் சோறு தொண்டையில் இறங்காது. காட்டைக் காக்கக் கிளம்புகிறவர்களே, வேலிக்கு அளவெடுக்கும் முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பந்தியில் முதலில் யாரை உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியும்.