நினைவே நோன்பு

முன்னோரின் புகழைப் பாடுவது எளிது. அவர்கள் காத்த நெறியில் நிற்பது அரிது. இவ்விரண்டையும் இணைத்த ஒரு சிறு சமுதாயம் ராஜஸ்தானின் பாலைநிலத்தில் வாழ்கிறது. ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி கிராமத்தில், ஆண்டுதோறும் பாத்ரபத மாத வளர்பிறை தசமியன்று பிஷ்னோய் மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். ஹோமம் வளர்த்துத் தங்கள் முன்னோர் 363 பேரை வணங்குகின்றனர். போரில் வென்ற வீரர்கள் அல்லர் அவர்கள். மரங்களைக் காக்க உயிர் நீத்தவர்கள்.

பிஷ்னோய் நெறியை 1485-இல் தோற்றுவித்தவர் குரு ஜம்பேஷ்வர் (1451–1536). அவர் அருளிய விதிகள் 29. இருபது, ஒன்பது என்னும் எண்களின் பெயர்களே இணைந்து அச்சமுதாயத்தின் பெயராயின என்பர். எவ்வுயிர்க்கும் இரங்குதல், பச்சை மரத்தை வெட்டாமை ஆகியவை அவ்விதிகளுள் அடங்கும். மழை அரிதான அந்நிலத்தில் நிழலும் உணவும் கால்நடைத் தீவனமும் தருவது கேஜ்ரி மரம். தமிழகச் சிவாலயங்கள் சிலவற்றில் தலவிருட்சமாக விளங்கும் வன்னியே அது.

1730-ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. கோடரியுடன் வந்த அரசாங்க ஆட்களை, அம்ருதா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று தடுத்தார். கையூட்டுத் தந்தால் மரத்தை விட்டுவிடுவதாக அவர்கள் கூற, அது தம் நெறிக்கு இழுக்கு என்று அவர் மறுத்ததாக மரபு கூறுகிறது. கோடரி அவர்மீது விழுந்தது. பின் அவருடைய மூன்று புதல்வியரும், அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் ஒருவர்பின் ஒருவராக மரங்களைத் தழுவி மடிந்தனர். செய்தியறிந்த மன்னர் வருந்தி, பிஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடை செய்தார்.

பொருள் கொடுத்திருந்தால் அன்று ஒரு மரம் தப்பியிருக்கும். ஆனால் தர்மம் விலைபேசும் பண்டமாகியிருக்கும். வசதியான நாட்களில் விதி வெறும் சொல்லாகவே இருக்கிறது. அதற்காக எதையேனும் இழக்க நேரும் நாளில்தான் அது ஒருவனுக்கு உண்மையில் சொந்தமாகிறது.

2013-இல் மத்திய அரசு செப்டம்பர் 11-ஐத் தேசிய வனத் தியாகிகள் தினமாக அறிவித்தது. எனினும், கேஜர்லியின் உண்மையான நினைவுச்சின்னம் பிஷ்னோய் மக்களின் அன்றாட வாழ்வே. விறகுக்காக மரம் வீழக் கூடாது என்று அவர்கள் இறந்தோரைத் தகனம் செய்யாமல் அடக்கம் செய்கின்றனர். தங்கள் வயல்களில் மேயும் மான்களை விரட்டாமல் காக்கின்றனர். ஆண்டின் மற்ற நாட்களில் கடைப்பிடிக்கும் நோன்பே அந்த ஒருநாள் விழாவுக்குப் பொருள் தருகிறது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விழா உண்டு; ஒவ்வொரு விழாவுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் தியாகம் உண்டு. கொடி இறங்கி, கடைகள் கலைந்து, மக்கள் வீடு திரும்பிய பின் அத்தியாகத்தில் ஓர் அணுவையேனும் தன் ஒழுக்கமாக ஏற்பவனே அவ்விழாவை உண்மையில் கொண்டாடியவன்.